உங்களுக்குத் தெரியுமா? வெர்மாண்ட் ஆளுநர் ஃபில் ஸ்காட்

● அமெரிக்காவில் மாநில ஆளுநரை வாஷிங்டன் நியமிப்பதில்லை. அந்தந்த மாநில மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதலமைச்சருக்கு இருக்கும் பொறுப்புகள்தான் அவருக்கும்: பட்ஜெட், அரசுத் துறைகள், நிர்வாகம், அதோடு மசோதாக்களில் கையெழுத்து. பெரும்பாலான மாநிலங்களில் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். வெர்மாண்டிலும் பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரிலும் மட்டும் இன்னமும் இரண்டே ஆண்டுகள். பதவியேற்று ஒரு பட்ஜெட்டை முடித்து நிமிர்வதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும்.

ஃபில் ஸ்காட் 2016, 2018, 2020, 2022, 2024 என ஐந்து முறை அப்படி மக்கள் முன் போய் நின்று, ஐந்து முறையும் வென்றிருக்கிறார். அவர் குடியரசுக் கட்சிக்காரர். வெர்மாண்டோ 1992 முதல் ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்துவரும் மாநிலம்.

● ஒரு காலத்தில் நிலைமை தலைகீழ். 1850களிலிருந்து 1962 வரை, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, வெர்மாண்டில் குடியரசுக் கட்சிக்காரர்களே ஆளுநர்கள். 1962இல் ஃபிலிப் ஹாஃப் வென்றபோதுதான் ஜனநாயகக் கட்சிக்கு அந்த நாற்காலி கிடைத்தது.

● ஸ்காட் பிறந்தது 1958 ஆகஸ்ட் 4 அன்று, பாரி நகரில். கிரானைட் குவாரிகளுக்கும் கல்லறைக் கற்களுக்கும் பேர்போன உழைப்பாளிகளின் ஊர். அப்பா இரண்டாம் உலகப் போரில் படுகாயமடைந்து ஊனத்தோடு திரும்பியவர். மகனுக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது காலமானார். வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் 1980இல் பட்டம் பெற்ற ஸ்காட், அரசியலுக்கு வருமுன் கட்டுமான நிறுவனம் ஒன்றின் பங்குதாரராக இருந்தார்.

● அவர் கார் பந்தய வீரர் என்பது தெரியுமா? பாரியில் ‘தண்டர் ரோடு’ என்று ஒரு பந்தயத் தடம். கால் மைல் நீள வட்டம். 1960இல் தொடங்கியது. அங்கே வழக்கமாக வியாழக்கிழமை இரவுகளில்தான் பந்தயம் நடக்கும். குவாரித் தொழிலாளர்களுக்கு அன்றுதான் சம்பள நாள், கையில் காசு இருக்கும் என்பதே காரணமாம். ஸ்காட்டின் கார் எண் 14. அந்தத் தடத்தின் பெரிய போட்டியான ‘மில்க் பவுல்’ கோப்பையை 1997இலும் 1999இலும் வென்றிருக்கிறார். பால் மாடுகளுக்குப் பெயர்பெற்ற மாநிலம் என்பதால், அதில் ஜெயிப்பவர் ஒரு கறவை மாட்டுக்கு முத்தம் கொடுப்பது வழக்கம். ஆளுநரான பிறகும் அவர் காரை விடவில்லை. 2017 ஜூலையில், பதவியில் இருந்துகொண்டே ஒரு பந்தயத்தில் முதலாவதாக வந்தார்.

● 2001இல் மாநில செனட்டர். 2011இல் துணை ஆளுநர். வெர்மாண்டில் ஆளுநருக்கும் துணை ஆளுநருக்கும் தனித்தனி ஓட்டு என்பதால் இருவரும் எதிரெதிர்க் கட்சிகளில் இருப்பது சாதாரணம். அப்போது ஆளுநர் ஜனநாயகக் கட்சியின் பீட்டர் ஷம்லின். அவர் எதிர்க்கட்சிக்காரரான ஸ்காட்டைத் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். ஸ்காட் ஆளுநரானதும் அவருக்கு வாய்த்த துணை ஆளுநர் முற்போக்குக் கட்சியின் டேவிட் ஸக்கர்மன். பின்னர் 2020 தேர்தலில் அதே ஸக்கர்மன்தான் ஸ்காட்டை எதிர்த்து நின்றார்.

● 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெர்மாண்டைப் புரட்டிப் போட்டது. வெள்ளத்தில் நாசமானவற்றில் ஏழைகள் குடியிருந்த நடமாடும் வீடுகள் ஏராளம். அவற்றைப் பிரித்து அப்புறப்படுத்தவே பெருந்தொகை வேண்டும். வீட்டை இழந்தவரிடம் அது எங்கே இருக்கும்? துணை ஆளுநராக இருந்த ஸ்காட் தமக்குத் தெரிந்த ஒப்பந்ததாரர்களைத் திரட்டினார். வீடுகளைப் பிரித்து, இரும்பைப் பழைய இரும்பு விலைக்கு விற்று, நன்கொடையும் சேர்த்து, உரிமையாளர்களிடம் ஒரு காசு வாங்காமல் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். அவரைப் புரிந்துகொள்ள அவருடைய எந்த மேடைப் பேச்சையும்விட இந்த ஒரு காரியம் உதவும் என்பது என் எண்ணம்.

● 2005இல் அவர் தொடங்கிய ‘வீல்ஸ் ஃபார் வார்ம்த்’ திட்டமும் அந்த வகைதான். மக்கள் கொண்டுவந்து தரும் பழைய டயர்களைச் சோதித்து, நல்லவற்றை மலிவாக விற்பார்கள். ஓட்டத் தகுதியற்றவை மறுசுழற்சிக்குப் போகும். வரும் பணத்தில் குளிர்காலத்தில் எரிபொருள் வாங்க முடியாத குடும்பங்களுக்கு உதவி.

● 2017 ஜனவரியில் ஆளுநரானதும் மூன்று இலக்குகளை வகுத்தார்: பொருளாதாரத்தை வளர்ப்பது, மாநிலத்தில் வாழும் செலவைக் கட்டுக்குள் வைப்பது, நலிந்தவர்களைக் காப்பது. அவர் வாயில் அடிக்கடி வந்த எண்கள் 6, 3, 1. நாளொன்றுக்கு வேலை செய்வோரில் ஆறு பேர் குறைகிறார்கள்; பள்ளிப் பிள்ளைகளில் மூன்று பேர் குறைகிறார்கள்; ஏறக்குறைய ஒரு குழந்தை போதை மருந்தின் பாதிப்போடு பிறக்கிறது. இளைஞர்கள் வெளியேறி, முதியவர்கள் மிகுந்துவிட்ட மாநிலத்தின் நோயை மூன்று இலக்கங்களில் சொல்லிவிட்டார்.

● அதற்கு ஒரு மருந்தாக 2018இல் ஒரு சட்டம். வேறு மாநில நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர் வெர்மாண்டுக்குக் குடிவந்தால், இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 10,000 டாலர் வரை செலவு ஈட்டுத் தொகை. கொரோனா வந்து உலகம் முழுவதும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதற்கு இரண்டு ஆண்டு முன்பே இது நடந்தது.

● இனி துப்பாக்கிச் சட்டம். ஸ்காட்டின் அரசியல் வாழ்வில் இதைவிடக் கடினமான கட்டம் இல்லை என்பேன்.

வெர்மாண்ட் வேட்டைக்காரர்களின் மாநிலம். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லக்கூட அனுமதிச் சீட்டு தேவையில்லாத ஊர். ஸ்காட்டும் துப்பாக்கி வைத்திருப்பவர்தான். கட்டுப்பாடுகள் வேண்டாம் என்ற நிலையில் நின்றே தேர்தலில் வென்றவர். 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோதும், வெர்மாண்டில் இருக்கும் சட்டமே போதும் என்றுதான் சொன்னார்.

அதைச் சொன்ன சூடு ஆறுமுன் வெர்மாண்டின் ஃபேர் ஹேவன் என்ற சிற்றூரிலிருந்து செய்தி வந்தது. பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் தன் பழைய பள்ளியில் பலரைச் சுட்டுக் கொல்லத் திட்டமிட்டிருந்தான். நியூயார்க் மாநிலத்தில் இருந்த தோழி ஒருத்தி அவன் அனுப்பிய செய்திகளைக் காவல்துறையிடம் காட்டியதால் அது தடுக்கப்பட்டது. அந்த வழக்கின் பிரமாணப் பத்திரத்தை ஸ்காட் உட்கார்ந்து படித்தார். அது தம்மை உலுக்கிவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார்.

ஏப்ரல் 11 அன்று மூன்று மசோதாக்களில் கையெழுத்து. துப்பாக்கி வாங்கும் வயது 21 ஆனது. வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தவர்களுக்கு விலக்கு உண்டு. தனியாருக்குள் நடக்கும் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை கட்டாயம். நீள்துப்பாக்கியின் தோட்டாக் கூட்டில் 10, கைத்துப்பாக்கியில் 15 என வரம்பு. ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதுகிறவரிடமிருந்தும், குடும்ப வன்முறையில் கைதாகிறவரிடமிருந்தும் ஆயுதத்தை எடுத்துவைக்க வழி.

கதவை மூடிக்கொண்டு அறைக்குள் கையெழுத்திட்டிருக்கலாம். அவர் தலைநகர் மாண்ட்பீலியரில் சட்டமன்றக் கட்டடத்தின் வெளிப்படிக்கட்டில் மேசை போடச் சொன்னார். எதிரே இரு தரப்புக் கூட்டம். வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு நிற உடையில் நின்றவர்கள், நேற்று வரை அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள், “துரோகி” என்று கத்தினார்கள். அவர் பேச்சை நிறுத்தவில்லை. தமக்கு எதிராக நிற்பவர்களின் கண்ணெதிரிலேயே ஏன் மனம் மாறினார் என்பதை விளக்கிவிட்டுப் பேனாவை எடுத்தார். அந்த ஆண்டு உட்கட்சித் தேர்தலில் சொந்தக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினர் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். நவம்பரில் சுமார் 55 சதவீத வாக்குகளோடு மீண்டும் வென்றார்.

● அதற்காக அதன் பிறகு வந்த ஒவ்வொரு துப்பாக்கி மசோதாவுக்கும் அவர் தலையாட்டவில்லை. கைத்துப்பாக்கி வாங்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற மசோதாவை 2019இல் நிராகரித்தார். 2023இல் வந்த 72 மணி நேரக் காத்திருப்பு அவர் கையெழுத்து இல்லாமலேயே சட்டமானது.

● கையெழுத்து இல்லாமல் எப்படிச் சட்டமாகும் என்கிறீர்களா? வெர்மாண்டில் ஒரு மசோதா ஆளுநரின் மேசைக்கு வந்தால், ஞாயிறு நீங்கலாக ஐந்து நாளுக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். ஏற்கலாம், காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம் (இதுதான் ‘வீட்டோ’). சட்டமன்றம் கூடியிருக்கும்போது ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தால் அது தானாகவே சட்டமாகிவிடும். அப்போது கிடப்பில் போட வழியே இல்லை. ஒரு விஷயத்தில் உடன்பாடு இல்லை, தடுக்கவும் மனமில்லை என்கிறபோது ஸ்காட் இந்த வழியைப் பலமுறை எடுத்திருக்கிறார். புதைபடிவ எரிபொருள் நிறுவனங்கள் காலநிலைச் சேதத்துக்குப் பணம் தர வேண்டும் என்ற 2024ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்காவிலேயே முதலாவது, அப்படித்தான் பிறந்தது.

● மிதவாதி என்றால் எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறவர் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வெர்மாண்ட் வரலாற்றிலேயே அதிக மசோதாக்களை ‘வீட்டோ’ செய்த ஆளுநர் ஸ்காட்தான். முன்பு அந்தச் சாதனை ஜனநாயகக் கட்சியின் ஹோவர்ட் டீன் பெயரில் இருந்தது. புதிய வரி, புதிய கட்டணம், வீட்டுச் செலவை ஏற்றும் திட்டம் எதுவானாலும் ஸ்காட்டின் பேனா தயங்கும்.

வீட்டோவை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பிரதிநிதிகள் சபையில் 150 பேர். எல்லாரும் வந்தால் 100 தேவை. 2020 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். குழந்தை பிறப்பு, நோய் காலங்களில் சம்பளத்தோடு விடுப்பு தரும் மசோதாவை ஸ்காட் மறுத்திருந்தார். முறியடிக்க வாக்கெடுப்பு: ஆதரவு 99, எதிர்ப்பு 51. ஒரே ஒரு வாக்கில் ஸ்காட் தப்பினார். அதே மாதக் கடைசியில் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் மசோதா வந்தது. ஆதரவு 100, எதிர்ப்பு 49. இந்த முறை அவர் தோற்றார்.

விடுப்பு மசோதாவை வீழ்த்தியதோடு அவர் கைகழுவிவிடவில்லை. கட்டாய வரி இல்லாமல், விரும்புகிறவர்கள் சேரும் காப்பீட்டுத் திட்டமாக அதை அமைத்து, 2023இல் மாநில அரசு ஊழியர்களிடமிருந்து தொடங்கிவைத்தார். கட்டாயத் திட்டத்தின் பலன் இதில் கிடைக்காது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் மறுத்தவர் மாற்று ஒன்றைக் கொண்டுவந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

● கஞ்சாவிலும் இதே பாணி. 2017இல் வந்த மசோதாவை, சிறார் பாதுகாப்பு போதவில்லை என்று திருப்பி அனுப்பினார். திருத்தி வந்ததும் 2018 ஜனவரி 22 அன்று விழா எதுவும் இல்லாமல் கையெழுத்திட்டார். பொது வாக்கெடுப்பின் வழியே அல்லாமல், சட்டமன்றத்தின் வழியே கஞ்சாவை அனுமதித்த முதல் அமெரிக்க மாநிலம் வெர்மாண்ட்.

● கருக்கலைப்பு உரிமையைச் சட்டமாக்கும் மசோதாவில் 2019இல் கையெழுத்திட்டார். தேசிய அளவில் அவர் கட்சி எங்கே நிற்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். 2022இல் அந்த உரிமையை மாநில அரசியலமைப்பிலேயே சேர்க்க நடந்த வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் ஆதரித்தார்கள்.

● பெர்னி சாண்டர்ஸ் வெர்மாண்டின் செனட்டர். 2020 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் பைடன் வென்றால் சாண்டர்ஸ் அமைச்சராவார் என்று பேச்சு எழுந்தது. இடம் காலியானால் இடைக்காலத்துக்கு ஆளை நியமிப்பது ஆளுநர். ஸ்காட் நினைத்தால் தம் கட்சிக்காரரை உட்கார வைக்கலாம். வாஷிங்டன் செனட்டில் ஒவ்வோர் இடமும் பொன்னாக இருந்த நேரம். ஸ்காட் முன்கூட்டியே அறிவித்தார்: சாண்டர்ஸைப் போலவே இடதுசாரிச் சார்புள்ள, ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து அமரும் சுயேச்சை ஒருவரையே நியமிப்பேன். மக்கள் யாருக்கு ஓட்டுப் போட்டார்களோ அந்தத் தீர்ப்பைத் தம் கையெழுத்தால் மாற்ற மறுத்தார். கட்சித் தாவலும் ஆள் பிடிப்பும் பார்த்துப் பழகிய நமக்கு இந்த அறிவிப்பு மறக்கக் கூடாத ஒன்று.

● டிரம்ப் மீதான பதவி நீக்க விசாரணையை 2019இல் ஆதரித்த முதல் குடியரசுக் கட்சி ஆளுநர் ஸ்காட். 2020 நவம்பரில் பைடனுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து அதை நிருபர்களிடம் சொன்னார். கட்சியை விட்டு விலகவும் இல்லை. கட்சி மாறச் சொன்னவர்களும் உண்டு, 2022இல் தேசிய செனட்டுக்குப் போட்டியிடச் சொன்னவர்களும் உண்டு. இரண்டுக்கும் மறுப்பு.

● 2018இல் அவரை எதிர்த்து நின்ற கிறிஸ்டின் ஹால்க்விஸ்ட், ஒரு பெரிய கட்சியின் சார்பில் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட முதல் திருநங்கை. பின்னர் 2021இல், ஸ்காட்டின் ஆட்சியிலேயே, கிராமங்களுக்கு இணைய இணைப்பு கொண்டுபோகும் மாநில வாரியத்தின் செயல் இயக்குநரானார்.

● கொரோனா காலத்தில் தகுதியுள்ளவர்களில் 80 சதவீதம் பேருக்கு முதல் தவணைத் தடுப்பூசி போட்ட முதல் மாநிலம் வெர்மாண்ட். 2021 ஜூன் 14 அன்று அந்த எண்ணைத் தொட்டதும் கட்டுப்பாடுகள் அனைத்தையும் ஸ்காட் நீக்கினார். இலையுதிர் காலத்தில் தொற்று மீண்டும் ஏறியபோது மாநிலம் முழுவதற்கும் முகக்கவசத்தைக் கட்டாயமாக்க மறுத்து, ஊராட்சிகள் விரும்பினால் விதிக்கலாம் என்ற சட்டத்துக்கு மட்டும் இசைந்தார். மருத்துவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை.

● பதிவு செய்த வாக்காளர் ஒவ்வொருவருக்கும் பொதுத் தேர்தலில் தபால் வாக்குச் சீட்டை வீட்டுக்கே அனுப்பும் சட்டத்தில் 2021இல் கையெழுத்திட்டார். அவர் கட்சி ஆண்ட பல மாநிலங்கள் தபால் வாக்கைச் சுருக்கிக்கொண்டிருந்த ஆண்டு அது. உட்கட்சித் தேர்தல்களுக்கும் உள்ளூர்த் தேர்தல்களுக்கும் இதை விரிவாக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

● 2023 ஜூலை 10, 11 தேதிகளில் பெருமழை. தலைநகர் மாண்ட்பீலியரின் கடைத்தெரு வெள்ளத்தில் மூழ்கியது. சொந்த ஊரான பாரிக்கும் பலத்த அடி. வெர்மாண்டின் பெர்லின் என்ற ஊரில் இருந்த ஸ்காட்டின் வீட்டைச் சுற்றிச் சாலைகள் துண்டிக்கப்பட்டிருந்தன. அவர் காட்டுக்குள் பனிச்சறுக்கு வண்டிகள் போகும் தடத்தைப் பிடித்து நடந்தே வெளியேறி, பணிக்கு வந்து சேர்ந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 2024இன் அதே தேதிகளில், மீண்டும் வெள்ளம்.

● அவர்மேல் குறை இல்லையா? உண்டு. ஆளுநரானதும் கட்டுமான நிறுவனத்தில் தமக்கிருந்த பங்கை அந்த நிறுவனத்துக்கே 25 லட்சம் டாலருக்கு விற்றார். பணத்தைத் தவணையில் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு என்பதால், அரசு ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனத்தோடு ஆளுநருக்குத் தொடர்பு நீடிக்கிறதே என்ற கேள்வி எழுந்தது. மாநில நெறிமுறை ஆணையம் அவருக்கு எதிராகக் கருத்துச் சொல்லி, பிறகு அதைத் திரும்பப் பெற்றது.

2024இல் அவர் கல்விச் செயலாளராக முன்மொழிந்த ஸோயி சாண்டர்ஸை மாநில செனட் 19க்கு 9 என்று நிராகரித்தது. சிறிது நேரத்திலேயே அவரையே இடைக்காலச் செயலாளராக ஸ்காட் அமர்த்தினார். சட்டம் இடம் தந்திருக்கலாம்; அவை சொன்ன பதிலை மதித்ததாக அதை ஏற்க என்னால் முடியவில்லை. மறு ஆண்டு புதிய செனட் அவரை உறுதிசெய்தது.

● 2024 ஜூன் 17 அன்று சட்டமன்றம் ஒரே நாளில் ஸ்காட்டின் ஆறு வீட்டோக்களை முறியடித்தது. சொத்து வரியைச் சராசரியாக 14 சதவீதம் அளவுக்கு ஏற்றும் மசோதாவும் அவற்றில் ஒன்று. வரிச் சீட்டு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி மூன்றில் இரண்டு பங்குப் பலத்தை இரு அவைகளிலும் இழந்தது. அதன் பிறகு இரு தரப்பும் உட்கார்ந்து பேசுவதைத் தவிர வழியில்லை. பள்ளி நிர்வாகத்தையும் அதற்கான நிதிமுறையையும் மாற்றியமைக்கும் பெரிய சட்டம் அப்படிப் பேசித்தான் உருவானது. 2025 ஜூலை 1 அன்று ஸ்காட் கையெழுத்திட்டார். இரு கட்சிகளிலும் அதை எதிர்த்தவர்கள் உண்டு, ஆதரித்தவர்களும் உண்டு.

● 2025 ஆகஸ்டில், குடியேற்ற அதிகாரிகளுக்கு உதவியாக மாநிலத் தேசியக் காவல் படையினரை அனுப்பும்படி மத்திய அரசு கேட்டது. ஸ்காட் மறுத்துவிட்டார்.

● 2024 நவம்பர் 5. ஒரே வாக்குச் சீட்டில் அதிபருக்கும் ஆளுநருக்கும் ஓட்டு. வெர்மாண்டில் கமலா ஹாரிஸ் 60 சதவீதத்துக்கும் மேல் பெற்று வென்றார். குடியரசுக் கட்சியின் ஃபில் ஸ்காட் பெற்றது 73 சதவீதம். ஹாரிஸுக்கு வாக்களித்தவர்களில் ஸ்காட்டும் ஒருவர்.